பழனி மலையில் வருமான வரியும் விற்பனை வரியும்

சம்பாதிப்பவரிடம் வரி வாங்குவதைக் கைவிட்டு, செலவழிப்பவரிடம் மட்டும் வாங்கினால் போதும் என்ற கருத்து இந்தியாவில் முழுமையாகச் சட்டமானதில்லை. ஆயினும் திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலையில் நடைமுறை அதற்கு மிக நெருங்கியே இருக்கிறது. மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும், கீழ்மலையில் காப்பி, மிளகு, மலை வாழையும் விளைகின்றன. இந்த விளைச்சலின் வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. தோட்டக் கூலி வாங்குவோரும் அந்த வரியின் எல்லைக்குள் வருவதில்லை. சோப்பும் எண்ணெயும் வாங்கும்போது வரி கொடுக்காதவர் என்று மலையில் ஒருவரும் இல்லை.

ஆங்கில ஆட்சியின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860-இல் கொண்டுவந்த முதல் வருமான வரி விவசாயத்தையும் சேர்த்தே பிடித்தது. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தின் வருமானத்தை விலக்கியது. நிலவரி கட்டுகிறவரிடம் மறுபடியும் கேட்பது முறையல்ல என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் விவசாய வருமான வரி, பொருள் விற்பனைமீதான வரி ஆகிய இரண்டு உரிமைகளையும் மாகாணங்களுக்கு வழங்கியது. சென்னை மாகாணம் இரண்டாவதையே முதலில் கையில் எடுத்தது.

அதற்குக் காரணம் மதுவிலக்கு. மாகாணத்தின் பிரதமராகவும் நிதிப் பொறுப்பை வகித்தவராகவும் இருந்த இராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருவாய் மாகாண வரவில் பெரும்பங்கு. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக விற்பனை வரி விதித்ததில் இந்தியாவிலேயே இதுதான் முதல். ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக வியாபாரம் செய்தவருக்கு வரி இல்லை. 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் விற்றுமுதலில் நூற்றுக்கு அரை ரூபாய். விவசாயி தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்றால் அது கணக்கில் சேராது.

வரி ஒவ்வொரு கைமாற்றத்திலும் விழுந்தது. மலைக்கடைக்காரர் விலக்குப் பெற்றவராக இருந்தாலும், அவருக்குச் சரக்கு அனுப்பிய கீழ்நாட்டு மொத்த வியாபாரி கட்டியது விலைக்குள் ஏறியே வந்தது. மதுவிலக்கோ அப்போது சேலம், சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களைத் தாண்டவில்லை; பழனி மலையிலுள்ள கொடைக்கானல் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. தன் ஊருக்கு வந்து சேராத ஒரு சீர்திருத்தத்துக்கு மலைவாசி விலை கொடுத்தார். இராஜாஜி அமைச்சரவை விலகிய பிறகு, போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தியது, விற்பனை வரியை நிறுத்தவில்லை. இந்த வரலாற்றில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது என்று தோன்றுகிறது. ஒன்றுக்கு மாற்றாக வந்த வரி, மாற்றப்பட்டது திரும்பி வந்த பிறகும் போகவில்லை. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு 1948-இல்தான் நிறைவேறியது.

மலையின் வருமானத்தை நேரடியாகத் தொட்டது 1955-ஆம் ஆண்டுச் சென்னைத் தோட்டங்கள் விவசாய வருமான வரிச் சட்டம். காப்பி, தேயிலை, ஏலக்காய், ரப்பர், சிங்கோனாத் தோட்டங்களுக்கென்று வந்த அது, 1958 முதல் மற்ற விவசாய வருமானத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. மாநிலத்தின் வரவில் அது ஒருபோதும் விற்பனை வரிக்கு அருகில்கூட வரவில்லை. கணக்கெழுதிப் பழக்கமில்லாத தோட்டக்காரரின் வருமானத்தை மதிப்பிடுவதைவிட, கடையில் விற்கும் சரக்கைப் பிடிப்பது அரசுக்கு எளிதாக இருந்தது.

செலவின்மீது வரி என்பதை ஏழைகளின் பக்கம் நின்று யோசித்த முயற்சியும் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் 1956-இல் இந்தியாவுக்கு வந்து, வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 விழுக்காட்டுக்குக் குறைத்து, செல்வம், நன்கொடை, மூலதன ஆதாயம் ஆகியவற்றோடு பணக்காரரின் சொந்தச் செலவுக்கும் வரி போடச் சொன்னார். நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957-இல் செலவு வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கால்டோர் கேட்ட அளவுக்கு வருமான வரி குறையவே இல்லை. புதிய வரி மட்டும் சேர்ந்தது. வசூல் அற்பமாக இருந்ததால் 1962-இல் மொரார்ஜி தேசாய் அதை நீக்கினார். 1964-இல் கிருஷ்ணமாச்சாரியே திரும்பக் கொண்டுவந்தார். 1966-இல் மீண்டும் போயிற்று. இலங்கையும் 1959-இல் கால்டோரின் செலவு வரியை ஏற்றுச் சில ஆண்டுகளில் கைவிட்டது. குடிமகனின் மொத்தச் செலவைக் கணக்கெடுப்பது அவன் வருமானத்தைக் கணக்கெடுப்பதைவிடக் கடினம் என்பதை இரு நாடுகளும் கண்டன.

செலவு வரி என்ற அதே பெயரில் 1987-இல் வந்த மத்தியச் சட்டம் வேறு வகை. அது நாளொன்றுக்கு 400 ரூபாயும் அதற்கு மேலும் வாடகையுள்ள அறைகளைக் கொண்ட ஓட்டல்களில் செய்யும் செலவுக்கு 10 விழுக்காடு கேட்டது. மாநில அரசின் 1981-ஆம் ஆண்டு ஆடம்பர வரி ஏற்கெனவே ஓட்டல்களின்மீது இருந்தது. இவற்றையும் 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடப்புக்கு வந்த மதிப்புக் கூட்டு வரியையும் கடந்து, 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) வந்தது. மதுவும் பெட்ரோல், டீசல் போன்ற எரிபொருள்களும் அதற்கு வெளியே நிற்கின்றன. மாநிலத்தின் பழைய விற்பனை வரி இன்று பெரும்பாலும் அவற்றில்தான் உயிரோடிருக்கிறது. மது வருவாயை விடுவதற்காகப் பிறந்த வரிக்கு இன்று மதுவே முக்கிய ஆதாரம் என்பது வருந்தத்தக்கது.

கொடைக்கானல் கடைகளில் விற்கும் சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி முதலில் 28 விழுக்காடு, 2017 நவம்பரில் 18, 2025 செப்டம்பர் 22 முதல் 5. கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கத்துப் பச்சைக் காப்பிக்கொட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை, வறுத்தால் 5 விழுக்காடு. வருமான வரியிலும் இதே படிநிலை உண்டு: விளைவித்தவரே பதப்படுத்தி விற்றால் ஆதாயத்தில் 25 விழுக்காடும், வறுத்து அரைத்து விற்றால் 40 விழுக்காடும் தொழில் வருமானமாகக் கருதப்படும். மலை வாழைக்கும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டுக்கும் வரியே இல்லை. இந்த விலக்கு விவசாயிக்கு முழு லாபமன்று. உரத்துக்கு 5, பூச்சிமருந்துக்கு 18 விழுக்காடு அவர் கொடுக்கிறார். வரியில்லாத பொருளை விற்பதால் அந்தத் தொகையை வியாபாரியைப்போல அவர் கழித்துக்கொள்ள முடியாது.