ஈயச்சொம்பு உலோகத்தில் ஒரு பதக்கம்

ரசம் வைக்கிற ஈயச்சொம்பு உங்களுக்குத் தெரியும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று பாட்டிகள் எச்சரிப்பார்களே, அதேதான். அந்த வெள்ளீயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு போர் நினைவுப் பதக்கம் அடித்தது. ஒன்றிரண்டு இல்லை, சுமார் 45,000!

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்து, திப்பு சுல்தான் உயிரிழந்த நாள். அதன் நினைவாக இங்கிலாந்தில் மேத்யூ போல்டனின் சோஹோ சாலையில் இந்தப் பதக்கத்தை அடித்தார்கள். அச்சு வெட்டியவர் குக்லர் என்ற ஜெர்மானியர். ஒரு பக்கம் கோட்டைச் சுவரின் உடைப்பு வழியாகப் படை ஏறுகிற காட்சி. மறு பக்கம் ஒரு சிங்கம் புலியைக் கீழே போட்டு அமுக்குகிறது. சிங்கம் யார், புலி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே பறக்கும் கொடியில் அரபியில் ஒரு வாசகம்: 'இறைவனின் சிங்கமே வெல்லும்.' இதில் குசும்பு என்னவென்றால், அது திப்பு தன் ஆயுதங்களில் பொறித்துக்கொண்ட வாசகம். தோற்றவனின் சொல்லையே எடுத்து வென்றவன் கொடியில் எழுதிவிட்டார்கள்.

பி.காம். படித்தவனுக்கு இதில் பிடிபடுவது வேறு விஷயம். உலோகத்தைப் பதவிவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஜெனரலுக்குத் தங்கம். கர்னல், மேஜருக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி. கேப்டன், லெப்டினன்டுக்கு வெள்ளி. சார்ஜென்டுக்கு வெண்கலம். சாதா சிப்பாய்க்கு, வெள்ளைக்காரனோ நம்மாளோ, ஈயம். படம் ஒன்று, அளவு ஒன்று, செலவுக் கணக்கு மட்டும் வேறு!

எல்லா நாட்டிலும் இப்படித்தானா என்றால், இல்லை. ஆஸ்திரியாவில் நெப்போலியனைத் தோற்கடித்த கையோடு, பிரெஞ்சுக்காரர்களிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி 1813-14 போருக்குச் சிலுவைப் பதக்கம் செய்தார்கள். 'பீரங்கிச் சிலுவை' என்றே அதற்குப் பெயர். அதிகாரி மார்பிலும் சிப்பாய் மார்பிலும் அதே பீரங்கி வெண்கலம். அங்கே சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

நம் ஈயப் பதக்கத்துக்கு வருவோம். அடித்தது சீக்கிரம், சிப்பாய் கைக்கு வந்து சேர்ந்தது 1808ல்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் மதராஸ் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூரின் புலிக்கொடியை ஏற்றினார்கள். அதே மதராஸ் ராணுவத்துக்குத்தான் புலியை அமுக்கும் சிங்கத்தைக் கம்பெனி விநியோகம் செய்தது. வாங்கியவர்கள் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

இப்போது திண்டுக்கல்காரர்கள் கேட்பீர்கள், "நம்ம மலைக்கோட்டைக்கு மெடல் கிடையாதா?"

கிடையாது. இத்தனைக்கும் இந்த மலைக்காக நடந்த அடிதடி கொஞ்சநஞ்சமல்ல. 1755ல் இங்கே ஃபௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு ஆயுதச் சாலை வைத்தார். 1783ல் கம்பெனி பிடித்தது, 1784 ஒப்பந்தத்தில் திப்புவிடம் திருப்பிக் கொடுத்தது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் மறுபடி பிடித்தார். 1792ல் கம்பெனிக்கே சொந்தமாகிவிட்டது. அந்த மைசூர்ப் போருக்கு ஒரு பதக்கம் வந்தது, உண்மைதான். ஆனால் அது கர்னல் காக்கரெலின் கீழ் வங்காளத்திலிருந்து நடந்தே வந்த சிப்பாய்களுக்கு. திண்டுக்கல் பாறையில் ரத்தம் சிந்திய மதராஸ் சிப்பாய்க்கு அதில் பங்கில்லை.

அடுத்தது பாளையக்காரர் போர். விருப்பாட்சி கோபால் நாயக்கரை 1801ல் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் என்று தெற்கே முழுக்கப் பற்றி எரிந்த சண்டை. அதற்கும் கம்பெனி மெடல் அடிக்கவில்லை. 1851ல் பழைய சண்டைகளுக்கெல்லாம் சேர்த்து 'இந்திய ராணுவப் பதக்கம்' என்று ஒன்று அறிவித்தபோது, கணக்கை 1803லிருந்து ஆரம்பித்தார்கள். பாளையக்காரர்கள் இரண்டே வருஷத்தில் விட்டுப்போனார்கள். ஆகவே யாராவது உங்களிடம் 'பாளையக்காரர் போர் மெடல், ஒரிஜினல்' என்று நீட்டினால், பர்ஸை மூடிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

ஈயப் பதக்கமே கையில் கிடைத்தால்? முனை மழுங்கி, படம் தேய்ந்துதான் இருக்கும். அவ்வளவு மெத்து உலோகம். மேலே ஒரு ஓட்டை இருந்தால் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். எனக்கென்னவோ ஓட்டை போட்டதுதான் ஒசத்தி. சாலையிலிருந்து வளையம் இல்லாமல்தான் வந்தது. ஓட்டை போட்டுக் கயிறு கோத்தவன் அதைக் கழுத்தில் போட்டிருக்கிறான். ஆனால் அவன் யார்? தெரியாது. பதக்கத்தில் பெயர் பொறிக்கவில்லை.

பெயர் உள்ள பதக்கங்கள் இன்னும் நம் வீட்டுப் பரண்களிலேயே இருக்கக்கூடும். முதல் உலகப் போருக்குக் கொடுத்தது: ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறு பக்கம் குதிரை மேல் ஆடையில்லாத வீரன், 1914, 1918 என்று வருஷங்கள். சிப்பாய்க்கு இந்தத் தடவை வெள்ளி. மூட்டை தூக்கிய, ரோடு போட்ட கூலிப்படைக்காரர்களுக்கு வெண்கலம், சுமார் 1,10,000. பழைய பழக்கம் சுலபத்தில் போகுமா! 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது இங்கிலாந்திலேயே ஏராளமானவற்றை உருக்கிவிட்டார்கள். நம்மூரில் கொலுசோடு கொலுசாக எத்தனை எடைக்குப் போயினவோ.

இன்னொன்று. நூறு வருஷம் தாண்டிய பொருளுக்கு 1972ம் வருஷத் தொல்பொருள் சட்டம் உண்டு. தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பார்சலில் அனுப்பச் சொல்லி எவராவது நல்ல விலை பேசினால் மயங்காதீர்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன், பதக்கத்தின் முகத்தைப் பார்த்தது போதும், விளிம்பைப் பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து போய்விடும். வட்டம் சுற்றிப் பொடி எழுத்தில் ஒரு நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு இருக்கும். அந்தப் பெயர் உங்கள் தாத்தாவின் அப்பாவுடையதாக இருக்கலாம்.