பட்டினி மருந்தாகுமா?

"லங்கணம் பரம ஔஷதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. வயிறு கெட்டால் உண்ணாதிருப்பதே உயர்ந்த மருந்து என்பது அதன் பொருள். வளர்ந்து முடிந்த பெரியவர்களுக்கு ஒரு வேளைப் பட்டினியால் பெருந்தீங்கு நேராது. வளர வேண்டிய சிசுவுக்கும் இவ்வாக்குப் பொருந்துமா? இக்கேள்விக்கு விடை கிடைத்த வரலாற்றை நாம் சிறிது நோக்குவோம்.

பெங்களூரில் 1809ஆம் ஆண்டு ராணுவத் தண்டு அமைந்த காலந்தொட்டுத் தமிழ் மக்கள் அங்கே குடியேறி வந்துள்ளனர். அந்நகரைச் சேர்ந்த விவேக் நகரில் வாழும் இளந்தாய் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். தாயும் பாட்டியும் தொலைவில், சொந்த ஊரில் இருக்கின்றனர். கைக்குழந்தைக்கோ அடிக்கடி வயிறு போகின்றது; எடை ஏறவில்லை. "இது மாந்தம், பாலை நிறுத்து" என்று ஊரிலிருந்து யோசனை வருகின்றது. பாட்டியை மட்டும் நாம் குறை கூறுவதற்கில்லை. மேல்நாட்டு வைத்தியர்களும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், குடலுக்கு ஓய்வு வேண்டுமென்று கூறி ஆகாரத்தை நிறுத்தியே வந்தனர்.

சிசுவின் ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று அதே மாநிலத்து மைசூரில் நடந்தது. நம் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது எருமைப் பால். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு. எருமைப் பாலில் 7 பங்கு. வயிற்றில் அது கெட்டியாகத் திரைவதால் சிசுவுக்கு எளிதில் செரிப்பதில்லை. 1950இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், அப்பாலைச் சிசுவுக்கு ஏற்றவாறு பதப்படுத்தும் முறையைக் கண்டனர். குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள கூட்டுறவுப் பால் நிலையம் 1960இல் அம்முறைப்படி பால் மாவு தயாரித்தது. அதற்கு முன் பால் மாவு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தது. எனினும் எந்த மாவும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. ஆகவே அதன் விளம்பரத்தைத் தடுக்க 1992இல் நம் நாட்டில் சட்டமே இயற்றப்பட்டது.

பட்டினி வைத்தியத்தை அசைத்த பெருநிகழ்ச்சி 1971இல் வங்காளத்தில் நேர்ந்தது. வங்கதேசப் போரில் அகதிகள் எல்லையோரத்துப் போங்காவ் நகரில் வந்து குவிந்தனர், காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. அப்போது டாக்டர் திலீப் மகாலனாபிஸ், குளுகோஸும் உப்பும் சோடா உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினரே அதை ஊட்டினர். நூற்றுக்கு 30ஐ எட்டியிருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கிற்று. இதன் காரணம் எளியது. வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் குடல் குளுகோஸை ஏற்கின்றது. குளுகோஸுடன் உப்பும், உப்பைத் தொடர்ந்து நீரும் உடலில் சேர்கின்றன. நோயுற்ற குடல் ஏற்கும் ஆற்றலை முற்றும் இழந்துவிடுவதில்லை என்பது இதனால் யாவர்க்கும் விளங்கிற்று. ஆகாரத்தை நிறுத்தாமல் ஊட்டிய குழந்தைகளே விரைவில் எடை தேறினர் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் உறுதி செய்தன.

எடை தேறுவதை எவ்வாறு அறிவது? இதற்குத் தமிழ்நாடே வழிகாட்டிற்று. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள கிராமக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தனர். குழந்தை மெலிந்து கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராமல், எடைக் கோடு தளர்ந்தவுடனேயே இணை உணவு கொடுத்தனர். கண் ஏமாறும், தராசு ஏமாறாது.

விவேக் நகர்த் தாய்க்கு இவ்வரலாறு கூறும் வழி இதுவே. முதல் 6 மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். வயிறு போகும்போதும் அதை நிறுத்தலாகாது. உப்புச் சர்க்கரைக் கரைசலும், வைத்தியர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாக மருந்தும் தர வேண்டும். 6 மாதம் கடந்த குழந்தைக்கு, கன்னட மக்கள் 'ராகி சரி' என்று ஊட்டும் கேழ்வரகுக் கூழ் நல்லுணவு. தானியத்தை முளைகட்டி அரைத்தால், கூழ் இளகி, சிறு வயிற்றிலும் மிகுந்த மாவு அடங்கும். நோய் தீர்ந்தபின் இரு வாரங்கள் நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால், இழந்த எடை மீளும். பிறந்தபோது இருந்த எடை ஏறத்தாழ 5 மாதத்தில் இரு மடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் ஆவது நல்ல வளர்ச்சியின் அடையாளம். மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, குழிந்த கண், குறைந்த சிறுநீர், சோர்வு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், மாதக்கணக்கில் எடை ஏறாது நின்றாலும், உடனே வைத்தியரை நாட வேண்டும்.

முன்னோர் வாக்கை நாம் இகழவில்லை. அது பெரியோர்க்குச் சொன்னது. சிசுவுக்கு ஊட்டும் கையே மருந்து.