தாமிரப் பட்டணம்

தாமிரப் பட்டணம் என்பது அரபியில் ‘மதீனத்துந் நுஹாஸ்’ என்று வழங்கும் அற்புதக் கதை. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. காயல்பட்டினத்தில் பிறந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரின் கையால், இதே பெயரில், அரபுத் தமிழ் உரைநடை நூலாக வடிவெடுத்ததால் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. அந்த இடம் இன்றுவரை சரியாக மதிக்கப்படவில்லை.

கதை உமையாக் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் (ஆட்சி 685–705) அவையில் தொடங்குகிறது. சுலைமான் நபி ஜின்களை அடைத்து முத்திரையிட்டுக் கடலில் எறிந்த செப்புக் குடங்களைப் பற்றி அங்கே பேச்சு வருகிறது. அவற்றைப் பார்க்க கலீஃபா ஆசைப்படுகிறார். தாலிப் இப்னு ஸஹ்ல் என்பவர் புறப்படுகிறார். வட ஆப்பிரிக்காவின் ஆளுநர் மூஸா இப்னு நுஸைரும், பழைய மொழிகள் பல அறிந்த முதியவர் அப்துஸ் ஸமதும் உடன் செல்கிறார்கள். கலீஃபாவும் மூஸாவும் வரலாற்று மனிதர்கள். போகிற வழியெல்லாம் மாயம்: கையைத் தேய்த்தால் சுழன்று திசை காட்டும் பித்தளைக் குதிரை வீரன், அக்குள்வரை தூணில் புதையுண்டு தண்டனை அனுபவிக்கும் ஜின், ஆளற்ற கறுப்பு மாளிகை.

கடைசியில் பட்டணம் வருகிறது. உள்ளே நுழைய வழி தெரியவில்லை. ஏணி செய்து மதிலில் ஏறியவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே பார்த்து, கைகொட்டிக் கூவி, குதித்து மாண்டுபோகிறார்கள். அப்துஸ் ஸமது இறைவனின் பெயரை ஓதிக்கொண்டே ஏறுகிறார். கீழே பெண்கள் கைகாட்டி அழைப்பது கண்கட்டு என்று அவருக்குப் புரிகிறது, மாயம் கலைகிறது. கதவு திறந்தால், கடைத்தெருவில் சரக்கு வைத்தது வைத்தபடி இருக்கிறது. வணிகர்கள் தோல் காய்ந்து, எலும்பு உளுத்து, இருந்த இடத்திலேயே பிணமாக இருக்கிறார்கள். அரண்மனைக் கட்டிலில் அரசி கிடக்கிறாள். கண்குழியில் பாதரசம் வைத்திருப்பதால் உயிரோடு பார்ப்பதுபோல் தோன்றுகிறது. அருகிலிருக்கும் பலகை சொல்லும் சேதி இது: ஏழு ஆண்டுகள் மழை இல்லை, கருவூலச் செல்வத்தை அளவையால் அளந்து கொடுத்தனுப்பி நாடெங்கும் தானியம் தேடினோம், கிடைக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு சாவை ஏற்றோம். வேண்டியதை எடுத்துப் போகலாம், என் உடலில் உள்ளதைத் தொடாதே என்றும் அதிலிருக்கிறது. தாலிப் தொடுகிறார். கட்டிலைக் காக்கும் இயந்திர அடிமைகள் அவர் தலையை வெட்டிவிடுகின்றன.

செப்பு நகரைப் பற்றிய செய்தி இரவுக் கதைத் தொகுப்புக்கு முன்பே அரபு நூல்களில் உண்டு. சுமார் 903இல் எழுதிய இப்னுல் ஃபகீஹும், அடுத்த தலைமுறை வரலாற்றாசிரியர் மஸ்ஊதியும் இதைக் குறித்திருக்கிறார்கள். 1377இல் ‘முகத்திமா’ எழுதிய இப்னு கல்தூன் இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கினார். மொரோக்கோவின் ஸிஜில்மாஸா பாலைவனத்தை வழிகாட்டிகளும் பயணிகளும் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்திருக்கிறார்கள், ஒருவரும் இப்படியொரு நகரைக் கண்டதில்லை என்பது அவர் வாதம். நகரம் முழுவதும் கட்ட அவ்வளவு உலோகத்துக்கு எங்கே போவது என்றும் கேட்டார். வரலாறு என்ற வகையில் அவர் சொன்னதே சரி. ஆனால் கதை அதனால் சாகவில்லை. 1838–41இல் எட்வர்ட் லேன் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பின் வழியாக பிரிட்டிஷ் வாசகர்களையும் சென்றடைந்தது.

தமிழுக்கு அது ஆங்கிலம் வழியாக வரவில்லை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றும் இமாமுல் அரூஸ் என்றும் போற்றப்படும் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவர். கீழக்கரை மார்க்க அறிஞர் தைக்கா சாகிபின் மருமகன். இலங்கை முஸ்லிம்களிடையே நெடுங்காலம் மார்க்கப் பணி செய்தவர். மார்க்கச் சட்டம் சொல்லும் ‘மகானி’யை எழுதியவர். அவர் ‘மதீனத்துந் நுஹாஸை’ப் பாரசீகத்திலிருந்து அரபுத் தமிழாக்கினார். தமிழ் முஸ்லிம் இலக்கிய வரலாறுகள் அதன் காலத்தை 1858 என்று குறிக்கின்றன.

அரபுத் தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ, ற போன்ற ஒலிகளுக்கு எழுத்தின் மேலும் கீழும் புள்ளியும் குறியும் கூட்டிப் புது வடிவங்கள் செய்துகொண்டார்கள். குர்ஆன் ஓதப் பழகிய எவரும் அதைப் படித்துவிடலாம். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் வீட்டுக்குள்ளிருந்தே நூல் படிக்க வழிசெய்தது இந்த எழுத்து. கிஸ்ஸா (கதை), மசலா, நாமா, முனாஜாத்து என்று தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த சிற்றிலக்கியங்கள் பெரும்பாலும் பாட்டாக இருக்க, ‘தாமிரப் பட்டணம்’ உரைநடையில் அமைந்தது.

இதைத் தமிழின் முதல் நாவல் என்று வாதிடுவோர் உண்டு. 1879இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்கு முந்தியது என்பது அவர்கள் ஆதாரம். மொழிபெயர்ப்பை, அதுவும் அற்புதக் கதையை, நாவல் என்று அழைப்பது பொருந்தாது. உரைநடைக் கிஸ்ஸா என்று சொன்னாலே அதன் பெருமைக்குப் போதும்.

பேராசை கூடாது என்பது இக்கதையின் நீதி என்று சுருக்கிவிடுவது வழக்கம். தாலிபின் முடிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கதையின் கனம் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. பசி வந்தால் செல்வம் தானியமாகாது. ஆலிம் பிறந்த காயல்பட்டினக் கரை முத்துக்குளிப்பையும் கடல் வாணிபத்தையும் நம்பி வாழ்ந்தது; 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏடன், ஹோர்முஸ் கப்பல்கள் குதிரைகளோடு காயல் துறையில் நங்கூரமிட்டதை எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட ஊராருக்கு அந்த வாசகம் தங்களைப் பார்த்துச் சொன்னதாகவே பட்டிருக்கும். 1876–78இல் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது ஆலிமும் உயிரோடு இருந்தார்.

இன்னொரு நீதியும் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்தக் கதையில் வாள் வென்ற இடம் ஒன்றுகூட இல்லை. பாழ் மாளிகைச் சுவரிலும் கல்லறையிலும் எழுதியதைப் படிக்கத் தெரிந்த கிழவர்தான் கூட்டத்தை வழிநடத்துகிறார். படித்ததைக் கேட்டு மூஸா அழுகிறார். திரும்பியதும் பதவியைத் துறந்து ஜெருசலேம் சென்று வணக்கத்தில் ஈடுபடுகிறார்.

20ஆம் நூற்றாண்டில் தமிழ் எழுத்திலேயே மார்க்க நூல்கள் அச்சாகத் தொடங்கியதும் அரபுத் தமிழின் வழக்கு ஒடுங்கியது. இன்று அதைத் தடையின்றிப் படிப்பவர்கள் முதியவர்களிலும் சிலரே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய கிதாபுகள் வைத்திருக்கும் வீட்டார் அவற்றை எடைக்குப் போடாமல் ஆய்வாளர்களிடம் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அரபுத் தமிழ் எழுத்தைப் பாடமாக வைக்க வேண்டும்.