446 பைற் இடத்துக்கான போட்டி

2005ஆம் ஆண்டில் ஓர் இரவு. மறுநாள் கையளிக்க வேண்டிய ஞாயிறு பதிப்புக் கட்டுரை என் கணினியின் லினக்ஸ் பகுதியில் கிடந்தது. அதே வன்தட்டின் மறுபகுதியிலிருந்த இன்னோர் இயங்குதளத்தை அன்று மாலைதான் மீள நிறுவியிருந்தேன். அதன்பின் கணினியை இயக்கியபோது, எந்தத் தளம் வேண்டும் எனக் கேட்கும் பட்டியலைக் காணவில்லை. கட்டுரை அழியவில்லை, அதற்குச் செல்லும் வாசல்தான் அடைபட்டிருந்தது.

இந்த வாசலின் கதை 1983இல் தொடங்குகிறது. ஐபிஎம் எக்ஸ்ரி கணினியோடும் டொஸ் 2.0 உடனும் வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை வந்தது. தட்டின் தலைப்பிலுள்ள முதற் கூறு 512 பைற். நான்கு பகுதிகளின் அட்டவணைக்கு 64 பைற். ஈற்றில் அடையாளத்துக்கு 2 பைற். எஞ்சிய 446 பைற்றுக்குள்தான் தொடக்க நிரல் அடங்க வேண்டும். இன்றைய யுனிகோட் முறையில் எழுதினால் அவ்விடம் ஏறக்குறைய இருபது தமிழ்ச் சொற்களையே கொள்ளும். எமது பத்திரிகையின் மரண அறிவித்தல்கூட அதைவிட நீளமானது! அந்தச் சிற்றிடத்தில் இருவர் குடியிருக்க முடியாது. கடைசியாக வந்தவர் முன்னவரை வெளியேற்றிவிடுவார்.

1992 முதல் வேர்னர் அல்மெஸ்பேர்கர் வளர்த்தெடுத்த லிலோ, லினக்ஸ் பயனர்களின் முதல் துணை. ஆனால் அதற்குக் கோப்புமுறைமை தெரியாது. கருநிரல் தட்டில் எங்கெங்கே கிடக்கிறதென நிறுவும்போதே குறித்துக்கொள்ளும். கருநிரலை மாற்றிவிட்டு லிலோவை மீள இயக்க மறந்தவர்களுக்கு விடியும்வரை வேலைதான்.

குனூ ஹேர்ட் தளத்தை எழுப்புவதற்காக 1995இல் எரிக் போலின் எழுதியது கிரப். 1999இல் கோர்டன் மட்சிக்கைற்றும் யோஷினோரி ஒகுஜியும் அதனைக் குனூவின் அதிகாரபூர்வப் பொதியாக்கினர். கிரப் கோப்புமுறைமையைத் தானே வாசிக்கும், கட்டளையும் கேட்கும்.

அதுவே அன்றிரவு என்னைக் காத்தது. இறுவட்டிலிருந்து இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பி, கிரப்பின் கட்டளைத் திரையைத் திறந்தேன். தேவைப்பட்டவை இரண்டே வரிகள். கிரப்பின் கோப்புகள் எந்தப் பகுதியில் உள்ளன என்பதை முதல் வரி சொல்லும்: ரூட் (எச்டி0,1). வன்தட்டின் தலைப்பில் அதனை மீள எழுதுவது அடுத்தது: செற்அப் (எச்டி0). இரண்டாம் பகுதிதானே என்று முதலில் 2 எனத் தட்டிப் பிழை வாங்கினேன். அக்காலக் கிரப் பகுதிகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணும்!

லிலோவின் வளர்ச்சிப் பணி 2015உடன் நின்றது. யூஇஎஃப்ஐ கணினிகளில் ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கான தொடக்கக் கோப்பைத் தனிப்பகுதியொன்றில் அருகருகே வைத்துக்கொள்கிறது. யார் முந்துவது என்ற பிணக்கு மட்டும் தீரவில்லை.

என் கட்டுரை மறுநாட் காலை ஆசிரியபீடத்தைச் சென்றடைந்தது. இடமில்லையென்று அதிற் கால்வாசியை வெட்டிவிட்டார்கள்.