மிளகாய்க்குள் ஒரு மிளகு

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன், ஸ்பெயினின் அலிகாந்தே நகரத்துச் சந்தையிலிருந்து வீடியோ காலில் வந்தான். கடை வாசலில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்த காய்ந்த மிளகாய்களைக் காட்டினான். எல்லாம் உருண்டை உருண்டையாக, கருஞ்சிவப்பு. ஒன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள விதை கலகலங்குது ணா. நாலு எடுத்துனு வரட்டா? உங்க மொட்ட மாடில போட்டுப் பாக்கலாம்" என்றான்.

வேண்டாம் என்றேன். வெளிநாட்டு விதையை அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. 2003ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்றே ஓர் ஆணை இருக்கிறது. விதையோடு பூச்சியும் நோயும் கப்பலேறி வந்துவிடும் என்ற பயம். "அதுவுமில்லாம, அந்த விதை இங்க வந்து எந்தக் காலமோ ஆச்சு. உங்கம்மா டப்பாவுலயே இருக்கு" என்றேன். "ஓட்டாதீங்க ணா" என்று சிரித்தான்.

நான் ஓட்டவில்லை. அவன் காட்டிய மிளகாய்க்கு அங்கே ஞோரா என்று பெயர். முர்சியா நகரத்தை ஒட்டிய லா ஞோரா என்ற சிற்றூரின் பெயர்தான் காய்க்கு வந்தது. உருண்டை வடிவம், தடித்த தோல், ஆட்டினால் கலகலக்கும் விதை என்று எல்லாவற்றிலும் அது ராமநாதபுரம் குண்டு மிளகாயின் அச்சு. அந்தச் சீமையில் அதை முண்டு மிளகாய் என்பார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தப் பெயருக்குத்தான். வேறுபாடு காரத்தில். ஞோரா நாக்கைச் சுடாது. குழம்புக்கு நிறமும் மணமும் தருவதோடு சரி. நம்முடையது எண்ணெயில் விழுந்தால் அடுத்த வீட்டுக்காரரும் தும்முவார். ஆனால் தாவரவியல் கணக்கில் இரண்டும் ஒரே இனம், கேப்சிகம் அன்னுவம். பூர்வீகம் ஸ்பெயினும் அல்ல, ராமநாதபுரமும் அல்ல; மெக்சிகோ.

மெக்சிகோவின் நவாட்டில் மொழியில் அதன் பெயர் சில்லி. கரீபியத் தீவுகளில் தைனோ மக்கள் வைத்திருந்த பெயர் அஹி. ஆங்கிலேயர் முதல் பெயரை எடுத்துக்கொண்டார்கள். தென்னமெரிக்காவில் பல நாடுகள் இரண்டாவதை வைத்துக்கொண்டன. நாம் இரண்டையும் தொடவில்லை. மிளகாய் என்றோம்.

கடல் கடந்து வந்த பயிர்களுக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்கு மூன்று வழக்கங்கள் உண்டு. வந்தவன் பெயரையே வாங்கிக்கொள்வது ஒன்று: கொய்யா, அன்னாசி, பப்பாளி. எங்கிருந்து வந்தது என்று நெற்றியில் எழுதி வைப்பது இன்னொன்று: பறங்கிக்காய், சீமைக் கத்தரிக்காய். மூன்றாவது, நம் வீட்டுப் பெயரையே வைத்துவிடுவது. தக்காளி அப்படி, மணத்தக்காளி முதலிய நாட்டுச் செடிகளின் பெயரைத் தூக்கி, வந்த பழத்துக்குக் கொடுத்துவிட்டோம். மிளகாயும் அப்படித்தான். 'பறங்கி மிளகு' என்றோ 'சீமை மிளகு' என்றோ சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. அதனால்தான் அது அந்நியச் சரக்கு என்றால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை.

சொல்லைப் பிரித்தால் மிளகு, காய். சேர்ந்தால் மிளகுக்காய் என்று வரவேண்டும். நடுவில் இருந்த 'குக்' உதிர்ந்துபோய் மிளகாய். தெங்கும் காயும் சேர்ந்து தேங்காய் ஆவதற்கு நன்னூலில் தனிச் சூத்திரமே உண்டு. மிளகாய்க்கு இல்லை. நன்னூலைப் பவணந்தியார் எழுதியது 13ஆம் நூற்றாண்டு. அப்போது தமிழ்நாட்டில் மிளகாய்ச் செடியே இல்லை. இலக்கணத்துக்குக் காத்திராமல் நாக்கு தானே தேய்த்துக்கொண்ட சொல் இது. எங்கள் பக்கத்தில் தேய்மானம் இன்னும் நிற்கவில்லை: மொளகா.

இதில் 'காய்' எதற்கு? மிளகும் காய்தான், கொடியில் முற்றிய காயைப் பழுக்கவிடாமல் பறித்து உலர்த்தினால் மிளகு. ஆனால் நாம் அதைக் காய் என்று நினைப்பதில்லை, சரக்கு என்று நினைக்கிறோம். செட்டியார் கடையில் பொட்டலமாக வாங்குவது சரக்கு. கொல்லையில் பறித்து அரிவாள்மனையில் நறுக்குவது காய். மிளகின் காரத்தோடு, ஆனால் நறுக்கும் அளவில் ஒன்று வந்தது. மிளகுபோல் எரிகிற காய், மிளகாய். செடியைப் பார்த்து வைத்த பெயரல்ல இது. ஒன்று கொடி, மற்றது கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி. இரண்டுக்கும் உறவே கிடையாது. அது செய்யும் வேலையைப் பார்த்து வைத்த பெயர்.

மிளகு கடன் கொடுத்த முதல் பெயரும் இதுவல்ல. சங்க இலக்கியத்தில் மிளகுக்குக் கறி என்று பெயர். யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அந்தச் சொல் மெல்ல மிளகிட்டுச் சமைத்த பதார்த்தத்துக்குப் போய், பிறகு காய்கறிக்கும் ஆட்டுக்கறிக்கும் போய்விட்டது. பெரும்பாணாற்றுப்படையில் கழுதைகள் சுமந்து வருவது மிரியல், அதுவும் மிளகே. தமிழில் அந்தச் சொல் மறைந்துவிட்டது. ஆனால் கும்மிடிப்பூண்டி தாண்டினால் உயிரோடு இருக்கிறது: தெலுங்கில் மிளகு மிரியாலு, மிளகாய் மிரப்பகாய. கன்னடத்தில் மெணசு, மெணசினகாயி. இந்திக்காரர்கள் இரண்டையுமே மிர்ச் என்று சொல்லி, கருப்பா சிவப்பா என்று நிறத்தால் பிரிக்கிறார்கள். எல்லா வீட்டிலும் பழைய பிள்ளையின் சட்டையைத்தான் புதிய பிள்ளைக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதைத் தொடங்கி வைத்தவர்களே ஸ்பானியர்கள்தான். மிளகைத் தேடிக் கிழக்கை அடைய மேற்கே போன கொலம்பஸ், மிளகு கிடைக்காமல் அஹியைக் கண்டார். 1493 ஜனவரியில், இதுதான் இவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட உயர்ந்தது என்று குறித்துவைத்தார். ஸ்பானிய மொழியில் மிளகு பிமியெந்தா, பெண்பால். புதிய காய்க்குப் பாலை மட்டும் மாற்றி பிமியெந்தோ என்றார்கள். நாம் காய் சேர்த்தோம். அவர்கள் விகுதியைத் திருப்பினார்கள்.

அதன்பின் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் விதையை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தன. அது எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1542இல் மூலிகை நூல் ஒன்றைப் படங்களுடன் வெளியிட்டார். அதில் மிளகாய்ச் செடிக்கு அவர் தந்த பெயர்களில் ஒன்று 'கள்ளிக்கோட்டை மிளகு'. அதற்குள் அது இந்தியாவிலிருந்து வந்த செடி என்றே அவருக்குத் தோன்றியிருக்கிறது. டச்சுக்காரர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. இன்றும் அவர்கள் மொழியில் மிளகாய் என்றால் ஸ்பான்ஸ பேப்பர், அதாவது ஸ்பானிய மிளகு. அந்த டச்சுக்காரர்கள் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிக் குடியிருந்தவர்கள். அவர்களுக்கு முன்பே அங்கே போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள். ஸ்பானிய மிளகு என்றவனும் மிளகாய் என்றவனும் ஒரே சந்தையில் நின்றிருப்பார்கள்.

புதியது பெயரை எடுத்துக்கொண்டால் பழையது என்ன செய்யும்? மலையாளத்தில் முளகு என்றாலே இப்போது மிளகாய். மிளகுக்காரர் நாட்டிலேயே மிளகு தன்னைக் குருமுளகு, நல்லமுளகு என்று அடைமொழியோடு அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கன்னியாகுமரித் தமிழிலும் நல்லமிளகுதான். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வடசென்னையில் குடியேறியவர்களின் வண்டிக்கடையில் அத்தோ சாப்பிடும்போதும் இதே கதை காதில் விழும். பர்மிய மொழியில் மிளகாய்க்கு ஙயோக். மிளகுக்கு ஙயோக் கவுங், அதாவது 'நல்ல' ஙயோக். கடலின் இரு கரையிலும் மிளகுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு ஒரே சொல்தான்: நல்லது. நம் தமிழ் 'காய்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டதால் இங்கே மிளகு மிளகாகவே தப்பித்தது.

பெயர் ஒன்றாக நிலைத்த பிறகு ஊருக்கு ஊர் பிள்ளைகள். காய்ந்தது எங்களுக்குக் காஞ்ச மொளகா, திருநெல்வேலிக்கு வத்தல், யாழ்ப்பாணத்துக்குச் செத்தல் மிளகாய். இலங்கையின் கிழக்குக் கரையில் மிளகாயே கொச்சிக்காய். கொச்சித் துறைமுகம் வழியே வந்த தடத்தைப் பெயரில் வைத்திருக்கிறது. குடைமிளகாய், பஜ்ஜி மிளகாய், மோர் மிளகாய், காந்தாரி மிளகாய் என்று அடைமொழிகள் இப்போது மிளகாய்க்குத்தான்.

சொல் மறந்தாலும் அடுப்பு மறக்கவில்லை. பல வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றும் மிளகுதான். மிளகாய்க்கும் தக்காளிக்கும் அன்றைக்கு அனுமதி இல்லை. முன்னோர் சாப்பிட்டறியாததை அவர்களுக்குப் படைப்பது எப்படி? வருஷத்தில் ஒருநாள் அந்தச் சமையலறை ஐந்நூறு வருஷம் பின்னே போய்விட்டுத் திரும்புகிறது.

மற்ற நாளெல்லாம் ஆட்சி மிளகாயுடையது. ஏமாற்றுவதை 'தலையில் மிளகாய் அரைப்பது' என்கிறோம். யாரும் தலையில் மிளகு அரைப்பதில்லை. பிள்ளைக்குக் கண்பட்டால் உப்பும் காய்ந்த மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். நெடி வராவிட்டால் திருஷ்டி பலம் என்று பேச்சு. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பாருங்கள். முன் பம்பரில் எலுமிச்சம்பழம், அதோடு கோத்த பச்சை மிளகாய். கடல்வழி வந்த காய், கடலுக்குப் போகும் சரக்குக்குக் காவல் நிற்கிறது. ராயபுரத்தின் பெயரில் இருக்கும் இராயப்பர், அதாவது பேதுரு, யார் நினைவிலும் வராதது மாதிரிதான் இதுவும். சொல் பழகிவிட்டால் வந்த வழி தேய்ந்துவிடும்.

அந்தப் பையனிடம் சொன்னதை நிரூபிக்க அவன் அம்மாவின் டப்பாவிலிருந்து இரண்டு குண்டு மிளகாய் வாங்கிவந்தேன். பழைய பெயின்ட் வாளியில் செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் மக்கிய எருவும். பன்னிரண்டு விதை போட்டதில் ஏழு முளைத்தன. உப்புக்காற்று ஒருபக்கம், லாரிப் புகையும் வடக்கிலிருந்து வரும் சாம்பலும் ஒருபக்கம். காலையில் இலையைத் தடவினால் விரல் கறுக்கும். தண்ணீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும். இலை சுருண்டபோது புளித்த மோர் அடித்தேன். நான்கு செடி தேறின. வெள்ளைப் பூ, தரையைப் பார்த்துக் கவிழ்ந்தபடி. பிறகு பச்சைக் கோலிக்குண்டுகள். பிறகு சிவப்பு.

ஒப்பந்தம் முடிந்து பையன் ஊருக்கு வந்த சமயம் முதல் பறிப்பு காய்ந்திருந்தது. ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினான். கலகலத்தது. பேசாமல் போனை எடுத்து, அலிகாந்தே சந்தையில் பிடித்த படத்தை அம்மாவிடம் நீட்டினான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது நம்ம குண்டு மொளகா ஆச்சே! அங்க வரைக்கும் எவன்டா எடுத்துனு போனான்?"

கள்ளிக்கோட்டை மிளகு என்று எழுதிய ஜெர்மானிய மருத்துவர் எனக்கு ஞாபகம் வந்தார். பையன் என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க ணா" என்றான்.