மறைநூலும் துணைநூல்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

யூபிலி விழா என்றதும் கொடியேற்றமும், நவநாள் செபமும், தேர்ப்பவனியும், அன்பு விருந்தும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. விழா முடிந்த மறுநாள் பந்தல் பிரிக்கப்படும்; வண்ண விளக்குகள் இறக்கப்படும். அதன் பின்னும் நம் பங்கில் நிலைத்து நிற்கப்போவது யாது? இக்கேள்வி எழுந்தபோது, விழாவின் நினைவாக விவிலிய நூல் அலமாரி ஒன்றைக் கோவிலை அடுத்த அறையில் அமைக்கலாமே என்ற எண்ணம் நம்மிடையே பிறந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த நூல்களை வாங்குவது? கையிலிருக்கும் சிறு தொகையில் எதை முதலில் வாங்குவது? இவற்றிற்கு விடை தேடப் புகுந்த நாம், நம் முன்னோர் மறைநூலை எவ்வாறு படித்தனர் என்ற வரலாற்றுக்குள்ளேயே சென்றுவிட்டோம். அதன் பயனை இங்கே பங்கு மக்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

துக்க வீட்டில் ஒரு பாடம்

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துக்க வீட்டில் செபம் சொல்லக் கூடியிருந்தோம். பெரியவர் ஒருவர், "இருபத்திரண்டாம் சங்கீதம் வாசியுங்கள்" என்றார். இளைஞன் ஒருவன் தன் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசித்தான். கடவுளால் கைவிடப்பட்டவனின் ஓலம் அங்கே ஒலித்தது. கணவனை இழந்து மூலையில் அமர்ந்திருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பெரியவரோ திகைத்துப்போய், "இதுவல்ல தம்பி, ஆண்டவர் ஆயராக இருந்து நடத்தும் சங்கீதம்" என்று தம் பாட்டனார் காலத்துப் பழைய புத்தகத்தைக் காட்டினார். அதிலும் இருபத்திரண்டு என்றே போட்டிருந்தது. அவனும் பிழை செய்யவில்லை. அவரும் பிழை செய்யவில்லை.

காரணம் என்ன? பழங்காலத்தில் எபிரேயத்திலிருந்து கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஒன்பதாம் பத்தாம் சங்கீதங்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணினார்கள். இலத்தீன் மொழிபெயர்ப்பும் அந்த எண்ணிக்கையையே பின்பற்றியது. ஆகவே அதற்குப் பின் வரும் பெரும்பாலான சங்கீதங்களின் எண் ஒன்று குறைந்துவிட்டது. முதல் எட்டிலும் கடைசி மூன்றிலும் மாற்றமில்லை. இலத்தீனிலிருந்து பெயர்க்கப்பட்ட நம் பழைய நூல்கள் இவ்வெண்ணையும், மூலமொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட இன்றைய நூல் எபிரேய எண்ணையும் கொண்டுள்ளன. இந்த ஒரு செய்தியைச் சொல்லும் முன்னுரையை யாரேனும் ஒருவர் படித்திருந்தால், அன்று அந்த அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆறுதல் தவறியிராது. துணைநூல் என்பது படித்தவர்களின் ஆடம்பரம் அன்று என்பதை நாம் அன்றுதான் உணர்ந்தோம்.

நம் மண் அறிந்த மரபு

ஒரு நூலை உரையோடு படிக்க வேண்டும் என்பது திருவெள்ளறை மண்ணுக்குப் புதிய செய்தியன்று. வைணவ ஆசாரியர்களுள் நாதமுனிகளின் சீடரான உய்யக்கொண்டார் பிறந்த ஊர் இது. விஷ்ணு புராணத்துக்கு உரை எழுதிய எங்களாழ்வானும் இவ்வூரினரே. கொள்ளிடத்துக்கு அப்பால் திருவரங்கத்தில், 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களை அவருடைய சீடர் வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதிவைத்தார். அதுவே முப்பத்தாறாயிரப்படி என்னும் ஈடு. முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்டது ஒரு படி. நம் அண்டை வீட்டார் தங்கள் பாசுரங்களுக்கு இத்தனை உழைப்பைச் செலுத்தியிருக்கும்போது, நாம் நம் மறைநூலைப் பீடத்தில் வைத்து மாலையிடுவதோடு நின்றுவிடலாமா?

திருச்சபையின் உழைப்பு

நம் திருச்சபையிலும் இம்மரபு தொன்மையானது. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து மீண்ட மக்களுக்கு எஸ்ரா திருச்சட்டத்தை வாசித்தபோது, லேவியர்கள் அதன் பொருளை விளக்கிச் சொன்னார்கள் என்று நெகேமியா நூல் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்த எத்தியோப்பிய அதிகாரி, வழிகாட்டுவார் இல்லாமல் தனக்கு எப்படி விளங்கும் என்று பிலிப்பிடம் கேட்டதைத் திருத்தூதர் பணிகளில் காண்கிறோம்.

புனித ஜெரோம் 382இல் திருத்தந்தை தமாசுவின் வேண்டுகோளை ஏற்று இலத்தீன் மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கினார். பின் பெத்லகேமில் குடியேறி எபிரேய மூலத்திலிருந்தே பெயர்த்தார். அவர் அத்தோடு நிற்கவில்லை. எபிரேயப் பெயர்களின் பொருளைக் கூறும் ஒரு நூலையும் எழுதினார். விவிலிய ஊர்களைப் பற்றி எவுசேபியு கிரேக்கத்தில் எழுதிய நூலை இலத்தீனில் தந்தார். ஆகவே அகராதியும் இடவிளக்கமும் தேடும் எளிய விசுவாசிக்கு அவரே பாதுகாவலர் என்னலாம். அவருடைய திருநாள் செப்டம்பர் 30.

இன்று நாம் எளிதாகச் சொல்லும் அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்தேவான் லாங்டன் வகுத்தவை. ஏறத்தாழ 1230ஆம் ஆண்டளவில் பாரிசு நகரில் ஹியூ என்னும் தொமினிக்கன் துறவியின் மேற்பார்வையில் பல துறவிகள் கூடி, இலத்தீன் விவிலியத்தின் சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று காட்டும் சொல்லடைவைத் தொகுத்தனர். புதிய ஏற்பாட்டில் இன்றைய வசன எண்கள் 1551இல் ரொபேர் எஸ்தியேன் என்னும் அச்சகத்தாரின் பதிப்பில் வந்தன. ஒரு வசனத்தை நொடியில் எடுத்துக் காட்டுகிறோம் என்றால், எத்தனை பேரின் இரவு விழிப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது!

தமிழகத்தில்

தமிழகத்துக்கு வருவோம். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் ஒரு மறைக்கல்வி நூல். 1606இல் மதுரைக்கு வந்து, பின்னர் திருச்சி, சேலம் பகுதிகளிலும் உழைத்த தத்துவ போதகர் ஞானோபதேசம் எழுதினார். அந்தாவோ தெ புரோவென்சா அடிகளார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அதன் படி ஒன்றை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தவர் தனிநாயகம் அடிகளார். வீரமாமுனிவர் 1732இல் தந்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாகச் சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. ஆக, நம் மறைப்பணியாளர்கள் அகராதிகளில் முன்னோடிகளாக இருந்தார்கள்.

ஆனால் முழு விவிலியம்? இதை மறைக்க வேண்டியதில்லை. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்டவர் தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் போதகர் சீகன்பால்கு, ஆண்டு 1714–15. திரெந்து சங்கத்துக்குப் பின் மக்கள் மொழிப் பெயர்ப்புகளில் நம் திருச்சபை மிகுந்த எச்சரிக்கை காட்டியது. 1757இல்தான் உரோமையின் ஒப்புதலோ திருச்சபைத் தந்தையரின் விளக்கக் குறிப்புகளோ கொண்ட பெயர்ப்புகளுக்குப் பொது அனுமதி கிடைத்தது. மதுரை மிஷனின் சேசு சபைக் குரு திரிங்கால் 19ஆம் நூற்றாண்டில் புதிய ஏற்பாட்டை இலத்தீனிலிருந்து தமிழில் பெயர்த்தார். எனினும் நம் பாட்டிமார் செபமாலையை அறிந்த அளவுக்கு விவிலியத்தை அறியவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு இந்நிலையை மாற்றியது. விசுவாசிகள் எல்லாருக்கும் மறைநூல் எளிதில் கிட்ட வேண்டும். மூலமொழிகளிலிருந்து பெயர்க்கப்பட வேண்டும். பிரிந்த சகோதரரோடு சேர்ந்தும் இதைச் செய்யலாம். தேவையான விளக்கங்கள் உடன் இருக்க வேண்டும் என்று அது பணித்தது. அதன் கனியாகவே, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உழைத்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது.

எதை முதலில் வாங்குவது?

இவ்வரலாற்றிலிருந்து அலமாரிக்கு வருவோம்.

முதலாவது, நல்ல விவிலியம். 46 பழைய ஏற்பாட்டு நூல்களும் 27 புதிய ஏற்பாட்டு நூல்களும் சேர்ந்து 73 இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதற் பக்கங்களில் திருச்சபையின் அனுமதி உண்டா, எம்மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது, எந்த ஆண்டுப் பதிப்பு என்று நோக்க வேண்டும். நூல் முன்னுரைகளும், அடிக்குறிப்புகளும், இணை வசனங்களும் உள்ள பதிப்பே சிறந்தது. பணம் குறைவென்றால் இந்த ஒன்று போதும்.

இரண்டாவது, பெயர் ஒப்புப் பட்டியல். இதற்குப் பணமே வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நம் பெரியவர்கள் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், சூசையப்பர் என்பார்கள். இன்றைய நூலில் பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு என்றிருக்கும். மற்றச் சபையினர் யாத்திராகமம் என்பது நமக்கு விடுதலைப் பயணம். பழைய இலத்தீன் வழக்கில் அரசர் நூல்கள் நான்கு. இன்று அவற்றில் முதல் இரண்டும் சாமுவேல் நூல்கள். இவற்றோடு சங்கீத எண்களையும் எழுதிவைத்தால், பாட்டனும் பேரனும் ஒரே புத்தகத்தில் சந்திப்பார்கள்.

மூன்றாவது, விவிலிய அகராதியும் சொல்லடைவும். சொல்லடைவு வாங்குகையில் ஓர் எச்சரிக்கை: அது எந்த மொழிபெயர்ப்புக்குச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படும். பழைய மொழிபெயர்ப்பின் சொல்லடைவைக் கொண்டு பொது மொழிபெயர்ப்பில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இன்று கைப்பேசியே சொல்லைத் தேடித் தருகிறது. ஆயினும் அது இடத்தைக் காட்டுமே தவிரப் பொருளைச் சொல்லாது.

சான்றாக, வீட்டு வாசலில் வந்து நின்று, "இயேசுவுக்குச் சகோதரர்கள் இருந்தார்களே" என்று மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தைக் காட்டுவோர் உண்டு. சகோதரர் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தால் தொடக்க நூல் பதின்மூன்றாம் அதிகாரம் கிடைக்கும். அங்கே ஆபிரகாம் தம் அண்ணன் தம்பி உறவில் வந்த லோத்தையும் தம்மையும் சகோதரர் என்றே எபிரேய மூலத்தில் குறிப்பிடுகிறார். லோத்து அவருடைய உடன்பிறந்தவரின் மகனே. பெரியப்பா மகனையும் சித்தப்பா மகனையும் அண்ணன், தம்பி என்று அழைக்கும் தமிழருக்கு இது விளங்காததா? சண்டையிடாமல், பதற்றமின்றிப் பதில் சொல்லலாம்.

நான்காவது, ஒரு நிலப்படம். சுவரில் மாட்டும் படமே போதும். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து திருச்சிக் கோட்டைக்குப் போவதைவிடச் சற்றே அதிகம். ஆனால் அவ்வளவு தூரத்துக்குள் பாதை சுமார் 1,000 மீட்டர் இறங்குகிறது, வறண்ட மலைவழி. அதை அறிந்தபின் நல்ல சமாரியர் உவமையைப் படித்தால், அந்த வழிப்போக்கன் ஏன் கள்வர் கையில் சிக்கினான் என்பது கண்முன் நிற்கும்.

கடைசியாக விளக்கவுரைகள். தமிழில் உள்ளவற்றைப் பங்குத் தந்தையின் ஆலோசனையோடு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஆங்கிலம் அறிந்த இளைஞர்களுக்கு 1968இல் முதலில் வந்து, 1990இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்ட ஜெரோம் விவிலிய விளக்கவுரை பயன்படும். இதை ஏன் கடைசியில் வைத்தோம்? உரையை முதலில் படிப்பவர் மூலத்தை மறந்துவிடுவார். ஒரு பகுதியை இருமுறை வாசித்து, எழும் கேள்வியைக் குறித்துக்கொண்ட பிறகே உரையைத் திறக்க வேண்டும்.

முடிவாக

நம் ஊர் மாற்பிடுகு பெருங்கிணற்றை அறியாதார் யார்? பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800 அளவில், ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் வெட்டுவித்தது. நான்கு பக்கமும் வாயில்; ஒவ்வொன்றிலும் படிகள். ஒரு வழியாக இறங்குபவர் மறு வழியாக இறங்குபவரைக் காண்பதில்லை. ஆனால் எல்லாரும் ஒரே நீரிடம் வந்து சேர்கிறார்கள். அகராதி, சொல்லடைவு, நிலப்படம், விளக்கவுரை ஆகிய நான்கும் அத்தகைய படிகளே. படியில் உட்கார்ந்துகொண்டு படியின் அழகைப் புகழ்பவனுக்குத் தாகம் தீராது. படியே வேண்டாம் என்று குதிப்பவனுக்கு ஆபத்து.

ஆகவே, அன்பார்ந்த பங்கு மக்களே, இவ்விழாவின் நினைவாக ஒவ்வொரு அன்பியமும் ஒரு நூலையேனும் இந்த அலமாரிக்கு வழங்க முன்வருவோம். பழைய விவிலியங்கள் வீட்டில் இருந்தால் அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல் கொண்டுவந்து சேர்ப்போம். அவற்றில் நம் பாட்டனார்கள் கண்ணீரோடு கோடிட்ட வரிகள் உள்ளன. வாரம் ஒரு மாலை கூடி அமர்ந்து படிப்போம். இனி எந்தத் துக்க வீட்டிலும் ஆறுதல் தேடி வருபவர் தவறான பக்கத்தைக் கேட்டு அழாதிருக்கட்டும். வாக்கு மனிதரான ஆண்டவர் நம் வாசிப்பை ஆசீர்வதிப்பாராக!