எள்ளல் ஓவியமும் உலக நீதிமன்றமும்

காவிரியின் கரையிலுள்ள மோகனூரில், காவல் துறையில் பணியாற்றிய ஒருவரின் மகனாக 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் வெ. இராமலிங்கம் பிள்ளை. நாமக்கல் கவிஞர் என்றே நாடு அவரை அறியும். ஆனால், கவிஞராவதற்கு முன்னரே அவர் ஓவியர். திருச்சிராப்பள்ளி பிஷப் ஹீபர் கல்லூரியில், அதாவது நம் திருச்சபை நடத்திய கல்லூரியில், பயின்றவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டில்லி தர்பாரையொட்டி அவர் தீட்டிய ஓவியம் ஒன்று தங்கப் பதக்கம் பெற்றதென்பர். அதே மன்னரின் ஆட்சி 1932-இல் அவரைச் சிறையிலிட்டது. அவர் கேலிச் சித்திரம் வரைந்தவர் அல்லர். எனினும் ஆள்வோரின் உருவத்தை எழுதும் கைக்கும் ஆள்வோரின் நீதிக்கும் இடையிலுள்ள உறவை நாம் ஆராயப் புகுங்கால், அவருடைய வாழ்வு நல்லதொரு வாயிலாக அமைகிறது.

நாடுகளுக்கிடையேயான வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் என்பது மிகவும் பிந்திய ஏற்பாடு. அத்தகைய மன்றம் இல்லாத காலத்திலும், இருந்தும் அதன் கதவு எளியோருக்குத் திறவாத காலத்திலும், வல்லரசுகளின்மீது குற்றம் சாட்டும் வேலையைப் பத்திரிகையின் கருத்துப்படம் செய்து வந்துள்ளது. அது செய்த நன்மையையும் தீமையையும் நாம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். ஏனெனில், இவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. அப்பங்கு முழுவதும் பெருமைக்குரியதன்று.

'இந்தியா'வும் திஹேக் தீர்ப்பும்

இராமலிங்கம் பிள்ளை பதினெட்டு வயதை நெருங்கிய 1906-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னையில் 'இந்தியா' என்னும் வார இதழ் தொடங்கப்பெற்றது. சுப்பிரமணிய பாரதியார் அதன் உயிராக விளங்கினார். இலண்டன் 'பஞ்ச்' இதழும் அதைப் பின்பற்றிய பம்பாய் 'இந்தி பஞ்ச்' இதழும் காட்டிய வழியில், அரசியல் கருத்துப்படத்தைத் தமிழில் நிலைபெறச் செய்தது 'இந்தியா'வே. மார்லியும் மின்டோவும் அதில் படமாயினர். எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த நாட்டில், வாசிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துப் பொருள் உணரலாம் அன்றோ? அரசு இதனை உணராமலில்லை. 1908-இல் அடக்குமுறை வந்தது. பதிவுபெற்ற ஆசிரியர் சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து மீண்டும் வெளிவந்த 'இந்தியா' 1910 மார்ச் மாதத்தில் நின்றுபோயிற்று.

அதே ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட விநாயக தாமோதர சாவர்க்கர், மார்சேல்ஸ் துறைமுகத்தில் 'மோரியா' என்னும் கப்பலினின்று கடலிற் குதித்து பிரெஞ்சு மண்ணை அடைந்தார். பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்துக் கப்பலில் ஒப்படைத்துவிட்டார். இது முறையோ என்னும் வாதம் எழவே, பிரிட்டனும் பிரான்சும் வழக்கைத் திஹேக் நகரின் நடுவர் மன்றத்திடம் ஒப்புவித்தன. ஐவர் அடங்கிய அம்மன்றம் 1911 பிப்ரவரி 24-ஆம் நாள் தீர்ப்பளித்தது: கைதியை ஒப்படைத்ததில் முறைகேடு நிகழ்ந்தது மெய்யே, ஆயினும் அவரைத் திருப்பி அனுப்பும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என்பது அதன் சாரம்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எவருடைய உயிரும் விடுதலையும் கேள்விக்குரியனவாயினவோ, அவர் அவ்வழக்கில் கட்சிக்காரர் அல்லர். வாதியும் பிரதிவாதியும் இரண்டு பேரரசுகள். தீர்ப்பு வருமுன்னரே பம்பாயில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. சாவர்க்கரின் பிற்கால அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு; அன்று புகலிட உரிமை பற்றி எழுந்த வினா அனைவருக்கும் பொதுவானது. பிரெஞ்சு மண்ணில் புகலிடம் தேடியிருந்த புதுச்சேரித் தமிழருக்கு அது அயலார் செய்தியாக இருந்திருக்க இயலாது. ஆனால், அத்தீர்ப்பைப் படமாக்கி மக்கள்முன் வைக்க அப்பொழுது 'இந்தியா' இல்லை. மன்றத்தில் எளியவனுக்கு இடமில்லை. மன்றத்துக்கு வெளியே பேசிய வாயும் அடைக்கப்பட்டாயிற்று.

சங்கமும் கால்மிதியும்

முதல் உலகப் போருக்குப்பின், 1920-இல் சர்வதேச சங்கமும் 1922-இல் அதனோடு இணைந்த நிரந்தர நீதிமன்றமும் செயற்படத் தொடங்கின. உலகமே அமைதியைக் கனவு கண்ட அந்நாட்களில் கருத்துப்படம் அக்கனவை நம்ப மறுத்தது. 1919 டிசம்பரில் 'பஞ்ச்' இதழில் ராவன்-ஹில் வரைந்த படத்தில் சங்கம் ஒரு பாலமாகக் காட்டப்பட்டது. பாலத்தின் நடுக்கல் மட்டும் இல்லை. அந்தக் கல்லின்மேல் அமெரிக்கா சாய்ந்து இளைப்பாறுகிறது. 1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியபின், டேவிட் லோ 1933 ஜனவரியில் ஒரு படம் வரைந்தார். சங்கத்தின் வாயிலில் கால்மிதியாகக் கிடக்கும் உருவத்தை மிதித்துக்கொண்டு ஜப்பானியப் போர்வீரன் உள்ளே நுழைகிறான். இரண்டு மாதங்களில் ஜப்பான் சங்கத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தது. பல பக்கங்கள் கொண்ட அறிக்கைகள் சொல்லத் தயங்கியதை ஒரு படம் சொல்லிற்று. ஹிட்லரையும் அவர் இவ்வாறே வரைந்தமையால், ஜெர்மானியர் கைதுசெய்யக் குறித்து வைத்திருந்தோர் பட்டியலில் லோவின் பெயரும் இடம்பெற்றது.

தீர்க்கதரிசிகளின் மரபை அறிந்த நமக்கு இது புதிதன்று. எசேக்கியேல் செங்கல்லின்மீது எருசலேமின் முற்றுகையைச் சித்திரமாகத் தீட்டினான். நாத்தானோ ஏழையின் ஆட்டுக்குட்டியைச் சொற்களால் வரைந்து காட்டி, தாவீது தன் தீர்ப்பைத் தானே கூறும்படி செய்தான். நீதிபதியே குற்றவாளியாயிருக்கும்பொழுது வேறு எந்த மன்றத்துக்குச் செல்வது? அவ்விடத்தில் படம் பேச வேண்டியதாகிறது.

நூரம்பர்க்கில் ஒரே அறையில்

எனினும் இதனோடு நாம் நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையே கூறியவராவோம். 1945 நவம்பரில் நூரம்பர்க் நகரில் தொடங்கிய சர்வதேச இராணுவ நீதிமன்றத்தில் டேவிட் லோ பார்வையாளர் பகுதியில் அமர்ந்து குற்றவாளிகளை வரைந்தார். குற்றவாளிக் கூண்டிலோ யூலியுஸ் ஸ்ட்ரைக்கர் என்பவர் இருந்தார். 1923-இல் அவர் தொடங்கிய 'டெர் ஸ்ட்யூர்மர்' என்னும் இதழ், யூதரைக் கொடிய உருவங்களாக வாரந்தோறும் எள்ளி வரைந்து வெளியிட்டது. அவர் படை நடத்தியவர் அல்லர். ஆயினும், ஒரு மக்களினத்தை அழிக்க மற்றொரு மக்களின் உள்ளத்தைப் பதப்படுத்தினார் என்று நீதிமன்றம் கண்டது. மனித குலத்துக்கெதிரான குற்றத்துக்காக 1946 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஒரே கலை, ஒரே அறை. ஒன்று சாட்சியின் இடத்தில், மற்றொன்று குற்றவாளிக் கூண்டில்.

அவர் தம் தரப்பில் யாரைத் துணைக்கழைத்தார் என்பதே நம்மைச் சுடவேண்டிய செய்தி. யூதருக்கெதிராக 1543-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய நூலைக் குறிப்பிட்டு, லூத்தரும் இன்று இக்கூண்டில் நின்றிருப்பார் என்னும் பொருள்படப் பேசினார் ஸ்ட்ரைக்கர். குற்றவாளியின் தந்திரம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் நூல் இருந்தது மெய்.

சீர்திருத்த இயக்கம் படத்தின் ஆற்றலை நன்கறிந்திருந்தது. 1521-இல் லூக்காஸ் கிரானாக் வெட்டிய மரச்செதுக்குப் படங்கள், சீடரின் கால்களைக் கழுவும் கிறிஸ்துவையும் தம் பாதத்தை முத்தமிடச் செய்யும் போப்பையும் எதிரெதிரே நிறுத்தின. அதிகாரத்தின் செருக்கைக் கண்டிக்கும் படங்கள் அவை. 1545-இல் வெளிவந்த படங்களிலோ கண்டனம் போய் அருவருப்பே மிஞ்சிற்று. 1994-இல் அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, லூத்தரின் யூத எதிர்ப்புச் சொற்களை வெளிப்படையாகத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. நாலரை நூற்றாண்டு பிந்தி வந்த அறிக்கை அது. அதே ஆண்டில், கிறிஸ்தவர் பெரும்பான்மையினராயிருந்த ருவாண்டாவில் இனப்படுகொலை நிகழ்ந்தது. பகை வளர்க்கும் எழுத்தையும் கேலிச் சித்திரத்தையும் வெளியிட்ட 'கங்குரா' என்னும் ஏட்டின் ஆசிரியரை, 2003-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் குற்றவாளியெனக் கண்டது. நூரம்பர்க்கின் பாடம் முடிந்துவிடவில்லை.

நமக்குரிய அளவுகோல்

அப்படியாயின், இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? கிறிஸ்தவரைப்பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய கேலிச் சித்திரம் உரோமாபுரியின் பாலட்டைன் குன்றில் ஒரு சுவரிற் கீறப்பட்டது. கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் உருவத்தை ஒருவன் வணங்குகிறான். அலெக்சமேனோஸ் தன் தெய்வத்தைத் தொழுகிறான் என்று கீழே எழுதப்பட்டுள்ளது. நம் ஆண்டவர் எள்ளி நகையாடப்பட்டவர். ஆட்சியின் நீதிமன்றத்தில் தவறாகத் தீர்க்கப்பட்டவர். ஆகவே நமது அளவுகோலும் அங்கிருந்தே வரவேண்டும். சிங்காசனத்தில் இருப்பவனின் செயலை நோக்கி எழும் எள்ளல் சாட்சியாகும். சிலுவையில் இருப்பவனின் பிறப்பை நோக்கி எழும் எள்ளல் கொலைக்கு முன்னுரையாகும்.

இன்று ஓவியரின் கருவிகள் மாறிவிட்டன. சபையார் ஒவ்வொருவரின் கைபேசியிலும் எள்ளல் படங்கள் நாள்தோறும் வந்து விழுகின்றன. அயல்நாட்டுப் போரையும் உலக நீதிமன்றத்தின் ஆணையையும்பற்றி நம் மக்கள் முதலில் அறிவது பெரும்பாலும் அவற்றின் வழியே. அவற்றைச் சிரித்தபடி பிறருக்கு அனுப்புவோரில் ஆயர்களும் உளர். அனுப்புமுன் அந்தப் படம் யாரை மிதிக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை இறையியல் மாணவர் கற்றுக்கொள்வாராயின், அதுவும் ஒரு நற்செய்திப் பணியே. ஏசாயா கண்ட தரிசனத்தில் ஜாதிகளுக்குள் நியாயந்தீர்ப்பவர் ஆண்டவர் ஒருவரே. அவர்முன் அரசுகள் மட்டுமல்ல, தூரிகை பிடித்த கைகளும் அப்படங்களைக் கண்டு சிரித்த நாமும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்களே.